மனைவி என்னும் அத்தாட்சி

பிரிவுக்கு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. கல்வி கற்கப் பிரிதல், பகை தணிக்கப் பிரிதல், தூது செல்லப் பிரிதல், பொருள் தேடப் பிரிதல் என்று தலைவன் தலைவியை நீங்கும் காரணங்களைத் தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. கடல் கடந்து போகும்போது மகளிரை உடன் கொண்டுசெல்லும் வழக்கம் இல்லை என்றும் அதே பொருளதிகாரம் கூறுகிறது. வகுப்பறையில் இச்சூத்திரத்தை விளக்கும் ஆசிரியர்கள் பழங்காலக் கடற்பயணத்தின் இடர்களைச் சொல்லி மேலே சென்றுவிடுவர். ஹட்டன் பகுதிப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த எனக்கு அவ்விடத்தை அவ்வளவு எளிதிற் கடக்க முடிந்ததில்லை. என் எதிரே அமர்ந்திருந்த மாணவருள் பெரும்பாலோர் கடல் கடந்து வந்த ஒரு பெண்ணின் வழித்தோன்றல்கள் அன்றோ!

கோப்பிக் காலத்தில் மலைநாட்டுக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் நிலைமை மாறியது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்க்கும் செடி. அதன் கொழுந்தைப் பறிக்கும் வேலை பெண்களின் வேலையாயிற்று. எனவே கணவனும் மனைவியும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் வந்தன; லயன் காம்பராக்களில் அடுப்பு மூட்டின. நூலில் இருந்த விலக்கை வாழ்க்கை இவ்வாறு தள்ளிவைத்தது.

ஆனால், கடல் கடந்த கணவனிடம் மனைவி சேரலாமா என்ற கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. சூத்திரத்தில் இருந்த கேள்வி சட்டத்தில் வந்து அமர்ந்தது. இன்று ஹட்டன் நகரில் எந்தக் கடைவாசலில் நின்றாலும் ‘ஸ்பொன்சர்’ என்ற சொல் காதில் விழுகிறது. தோட்டத்து மாணவியாக என்னிடம் படித்தவள் இலண்டனில் வேலை செய்யும் ஒருவனை மணந்து, அவன் அனுப்பிய படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு, “சேர், இந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது?” என்று கேட்கிறாள். உங்கள் திருமணம் உண்மையானது என்பதற்கு அத்தாட்சி யாது என்பது அக்கேள்வி. அவளுக்கு அது புதிது, மலையகத்துக்குப் புதிதன்று. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாக நம்மவர் இந்தக் கேள்விக்கு விடை எழுதி வந்திருக்கின்றனர். அந்த வரலாற்றை மாணவரும் ஆசிரியரும் அறிந்திருப்பது நன்று என்ற எண்ணத்தாலேயே இதனை எழுதுகிறேன்.

ஓராண்டுக் கணக்கு

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, வம்சாவழிப் பிரஜாவுரிமை தந்தை வழியாகவே கிடைத்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்று காட்டவேண்டும். இல்லையேல் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். லயன் காம்பராவிற் பிறந்த ஒருவன் தன் தந்தையின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? பெரும்பாலோர் இச்சட்டத்துக்கு வெளியே நின்றனர்.

அவ்வாறு நின்றவர்களுக்காக 1949இல் இயற்றப்பட்டதே இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1949 ஆகஸ்ட் 5 முதல் இரண்டு ஆண்டுகள் மனுச் செய்யக் காலம் தரப்பட்டது. மணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இந்நாட்டில் தொடர்ந்து வசித்திருக்கவேண்டும். பின்னர் மனுச் செய்யும் நாள்வரையும் அவ்வாறே வசித்திருக்கவேண்டும். ஒரு தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். இவ்வளவும் பலரும் அறிந்தவை.

பலரும் கவனிக்காத ஒரு பிரிவு அதில் உண்டு. 1949இல் நிறைவேறிய வடிவில், மனுச் செய்பவர் மணமான ஆணாயின், அவர் மனைவி எப்போதிருந்து இங்கே வசிக்கிறாள் என்பதையும் அச்சட்டம் கேட்டது. திருமணமாகி ஓராண்டு நிறைவதற்குள் அவள் இலங்கைக்கு வந்திருக்கவேண்டும். வந்த நாள் முதல் மனுவின் நாள்வரை இடையறாது இங்கே வசித்திருக்கவேண்டும். குழந்தைக்கும் இதே கணக்கு. முதலாவது பிறந்தநாள் வருவதற்குள் குழந்தை இம்மண்ணில் இருந்தாகவேண்டும்.

கணவன் இருபது ஆண்டுகள் இங்கே முள்ளுக் குத்தியிருக்கலாம், மலை வெட்டியிருக்கலாம், ஒரு நாளும் இத்தீவை விட்டு நீங்காதிருந்திருக்கலாம். மனைவி வரத் தாமதித்தாள் என்றால் அவன் வாழ்ந்த இருபது ஆண்டும் ஐயத்துக்குரியதாகிவிடும். மனிதன் எங்கே உழைக்கிறான் என்பதை வைத்து அவன் எந்நாட்டவன் என்று சட்டம் முடிவு செய்யவில்லை. அவன் மனைவி எங்கே உறங்குகிறாள் என்பதை வைத்தே முடிவு செய்தது.

தாய்வீட்டு வழக்கம்

இந்தக் கணக்கு காகிதத்தில் எளிமையாகத் தோன்றும். நம் குடும்ப வழக்கத்தோடு பொருத்திப் பார்த்தால் அதன் கூர்மை புலப்படும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டும் என்பது தமிழர் வழக்கம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பிட்டுப் பெண்ணை அழைத்துச் செல்வர். குழந்தை பிறந்து தாயும் சேயும் தேறியபின் கணவன் வீட்டுக்கு அனுப்புவர். தாய்வீடு அடுத்த தோட்டத்தில் இருந்தால் தொல்லையில்லை. அது துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தால்?

என் தாயார் அவ்வாறு போனவர். என் பெற்றோருக்கு 1943இல் திருமணம் நடந்தது. ஓராண்டு நிறைவதற்குள் தாயார் ஹட்டனுக்கு அருகே உள்ள தோட்டத்துக்கு வந்து பேர் பதிந்து கொழுந்தெடுத்தார். 1944இல் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்றார். அக்கா பிறந்தார். அடுத்து என் பாட்டனார் காலமானார். காரியங்கள் முடிந்ததும் தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. அவர் கைக்குழந்தையுடன் மண்டபத்தைத் தாண்டித் தலைமன்னாரில் இறங்கியபோது, புறப்பட்டுப் பதினைந்து மாதங்கள் கழிந்திருந்தன. அக்காவுக்கு வயது ஒன்றைக் கடந்து ஒரு மாதம்.

அன்று அது எவருக்கும் ஒரு செய்தியாகத் தோன்றவில்லை. தந்தையார் புகையிரத நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தார். மறுவாரம் தாயார் பிரட்டுக்குப் போனார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1951இல், தந்தையார் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்தபோது அந்தப் பதினைந்து மாதங்கள் உயிர்பெற்று எழுந்தன. நான் அப்போது மூன்று வயதுக் குழந்தை. விசாரணையில் நடந்ததைத் தந்தையார் பிற்காலத்தில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். “இந்த நாட்டில் நிலையாக இருக்க எண்ணியவன் மனைவியைப் பிள்ளை பெற ஏன் அங்கே அனுப்பினாய்?” என்று உத்தியோகத்தர் வினவினாராம். “மொதப் பிள்ள ஆத்தா வீட்டுலதானே பொறக்கணும், ஐயா” என்று தந்தையார் விடை சொன்னாராம். மொழிபெயர்ப்பாளர் அதனை எவ்வாறு மொழிபெயர்த்தார் என்று தமக்குத் தெரியாது என்பார் தந்தையார். மனு நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு வழியிருந்தது, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை.

அவ்வுத்தியோகத்தர்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் முன்னே சட்டம் இருந்தது. சட்டத்தில் மாதக் கணக்கு இருந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாடு, தன் பிரஜைகள் யாவர் என்று வரையறுக்க முற்படுவதும் இயல்பே. வந்து போகிறவன் யார், வந்து தங்கியவன் யார் என்று பிரித்தறிய ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும். குடும்பம் எங்கேயோ அங்கேதான் மனிதனின் மனம் என்ற எண்ணமும் முற்றிலும் பொய்யன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. தாய்வீடு போன பெண் பிரசவத்துக்காகப் போனாள். நாட்டை விட்டுப் போகவில்லை. அவளுடைய பயணத்துக்கு அவள் கொண்ட பொருள் ஒன்று, சட்டம் கொண்ட பொருள் வேறொன்று. அவளிடம் கேட்டு அறிந்திருக்கலாம். ஆனால் சட்டத்தின் பார்வையில் அவள் கேட்கப்படவேண்டிய ஆளாக இருக்கவில்லை; கணவனின் நோக்கத்தைக் காட்டும் அத்தாட்சியாகவே இருந்தாள்.

இரண்டு ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 2,37,000 மனுக்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் அடங்கிய மனிதர் ஏறத்தாழ 8,24,000 பேர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்துப் பின்னர் மனுச் செய்யுமாறு கூறியமையால், பெருந்தொகையானவை கடைசி மாதங்களிலேயே வந்து குவிந்தன. விசாரணைகள் பத்தாண்டுக்கு மேல் நீண்டன. முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே. நிராகரிக்கப்பட்டவற்றுள் எத்தனை மனுக்களில் ஒரு தலைப்பிரசவமோ ஒரு தாயின் மரணமோ காரணமாய் நின்றது என்பதை எந்தக் கணக்கும் நமக்குக் கூறாது.

தென்னாபிரிக்காவில் ஒரு தீர்ப்பு

மனைவியின் பெயரால் ஒரு நாட்டின் வாசல் அடைபட்டது இது முதல் தடவையன்று. நம் இலக்கிய வட்டங்களில் தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை அறியாதவர் இலர். அவர் சிறை சென்ற போராட்டத்துக்கு ஒரு மனைவியின் வருகை காரணங்களுள் ஒன்றாய் இருந்தது என்பதை நாம் அத்துணை நினைப்பதில்லை.

தென்னாபிரிக்காவில் வாழ்ந்த ஹசன் ஈசப் என்ற இந்தியர், இந்தியாவில் இஸ்லாமிய முறைப்படி மணந்த பாய் மரியம் என்னும் தம் மனைவியைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள விரும்பினார். அனுமதி மறுக்கப்பட்டது. வழக்கு கேப் மாகாண நீதிமன்றத்துக்குச் சென்றது. 1913 மார்ச் 14ஆம் திகதி நீதிபதி சேர்ல், பலதார மணத்தை ஏற்கும் சமயமொன்றின் முறைப்படி நடந்த திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் திருமணமாக ஏற்காது என்று தீர்ப்பளித்தார். வந்திறங்கிய ஒரு பெண்ணைப் பற்றிய தீர்ப்பு, ஏற்கெனவே அங்கே வாழ்ந்த ஆயிரக்கணக்கான இந்து, முஸ்லிம் மனைவியரின் நிலையை ஒரே நாளில் கேள்விக்குள்ளாக்கியது. அக்கினி சாட்சியாக மணந்தவர்களும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றாயிற்று.

அதுவரை ஆண்களின் போராட்டமாய் இருந்த சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியது அதன் பின்னரே. கஸ்தூரிபாய் சிறை சென்றார். திரான்ஸ்வாலைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். பதினாறே வயதான வள்ளியம்மை சிறையிற் கண்ட காய்ச்சலால் 1914 பெப்ரவரி 22ஆம் திகதி உயிர்நீத்தார். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண் தலைவரியை நீக்கியதோடு, ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்களையும் ஏற்றது.

அங்கே திருமணம் செல்லுமா என்று கேட்டனர். இங்கே திருமணத்துக்குப் பின் எத்தனை மாதம் எங்கே இருந்தாள் என்று கேட்டனர். கேள்விகள் வேறு, கேட்கப்பட்ட பொருள் ஒன்றே.

இரு கடவுச்சீட்டுகள்

மலையகத்துக்கு மீள்வோம். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவராய் நின்ற 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல் வந்தது. விண்ணப்பிக்கும் காலம் 1970 ஏப்ரல் 30ஆம் திகதி முடிவடைந்தது.

அக்காலத்தில் நான் பாடசாலைக் கல்வியை முடித்த இளைஞன். எங்கள் தோட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் சிலரே. மாலை நேரங்களில் எங்கள் இஸ்தோப்பில் அரிக்கன் விளக்கின் முன் அமர்ந்து படிவங்களை நிரப்பிக் கொடுப்பேன். எண்களால் செய்யப்பட்ட ஒப்பந்தம் ஒரு குடும்பத்துள் எவ்வாறு நுழைகிறது என்பதை அங்கேதான் கண்டேன். தந்தை இந்தியா என்பார். மகன் இலங்கை என்பான். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி வேறொரு நாட்டுக்கும் கையொப்பமிடுவர். கைநாட்டு வைத்த பெண்களில் பெரும்பாலோர் எந்நாட்டுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று தாமே தீர்மானித்தவர் அல்லர். மணமாகாதவள் தந்தையின் படிவத்திலும் மணமானவள் கணவனின் படிவத்திலும் இடம்பெற்றாள்.

இவ்விரு படிவங்களுக்கும் இடையே அகப்பட்ட ஒரு தம்பதியை நான் அறிவேன். பெண்ணின் தந்தை 1970இல் குடும்பத்தோடு இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அப்போது அவளுக்குத் திருமணமாகவில்லை. மறு ஆண்டு அடுத்த டிவிஷனைச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்கும் அவளுக்கும் தோட்டத்துக் கோவிலில் தாலிகட்டு நடந்தது. அவன் இலங்கைக்கு விண்ணப்பித்தவன். ஊர் கூடி நடத்திய திருமணம், ஆனால் பதிவுசெய்யப்படவில்லை. 1974இல் பெண்ணின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அதில் அவள் மணமாகாத மகள். குடும்பம் புறப்படவேண்டிய நாளும் குறிக்கப்பட்டது.

“நீ முன்னே போ, நான் இங்கே பேசி உன்னை அழைத்துக்கொள்கிறேன்” என்று அவன் சொல்லி அனுப்பினான். ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்த வண்டிகளை நம் மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று அழைத்தனர். அதற்கு மேல் அந்நாளைப் பற்றி எழுதத் தேவையில்லை.

பின்பு அவனுக்காக மனுக்கள் எழுதியவன் நானே. முதல் மனு எழுத அமர்ந்தபோதுதான் சிக்கலின் முடிச்சு முழுவதும் புலப்பட்டது. மனைவியை அழைக்க விரும்பும் கணவன் ஒரு நாட்டின் பிரஜையாய் இருக்கவேண்டும். அவனோ இன்னும் பதிவாகவில்லை, நாடற்றவன். நாடற்றவன் எந்நாட்டுக்கு மனைவியை அழைப்பான்? 1977இல் அவனுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தது. இனித் தடையில்லை என்று மகிழ்ந்தோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதிவுப் பிரஜையின் மனைவி தானும் பிரஜையாகப் பதிவு பெற இடமுண்டு. ஆனால் மனுச் செய்யும் நாளுக்கு முன் ஓராண்டு அவள் இலங்கையில் வசித்திருக்கவேண்டும். வசிப்பதற்கு வீசா வேண்டும். வீசாவுக்கு மனைவி என்று காட்டவேண்டும். அவள் கடவுச்சீட்டோ அவளை மணமாகாதவள் என்கிறது. உள்ளே வர விரும்புகிறவள், உள்ளே இருந்ததைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்பது போன்ற நிலை.

வழக்கப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாததன்று. ஆயினும் அதனைக் காட்டக் கையிற் காகிதம் இல்லை. கோவில் பூசகரிடம் ஒரு கடிதம் பெற்றோம்; தலைவரிடம் ஒன்று; தாலி கட்டியதைப் பார்த்தவர்களின் சத்தியக் கடதாசிகள் இரண்டு. காரியாலயம் ஒன்று இன்னொன்றுக்குப் போகச் சொன்னது. அது முதலாவதற்கே திருப்பி அனுப்பியது. ஆண்டுகள் நான்கு கழிந்தன. மொத்தம் பதினொரு மனுக்கள் எழுதினேன். 1981இல் அவன் ஒரு தகரப்பெட்டியுடன் விருந்தாளி வீசாவில் நீலகிரிக்குப் புறப்பட்டான். கூடலூர்ப் பக்கத்தில் மனைவியிடம் சேர்ந்தான். திரும்பி வரவில்லை. 1984இல் கப்பற் சேவையும் நின்றுபோயிற்று. எந்த நாட்டில் வாழவேண்டும் என்று தானே தேர்ந்தெடுத்து, ஏழாண்டு காத்திருந்து பெற்ற பிரஜாவுரிமைப் பத்திரத்தை, அவன் மனைவிக்காக விட்டுச் சென்றான். அப்பத்திரத்தின் விலையை அவனைவிட நன்கறிந்தவர் எவரும் இலர்.

சட்டம் மாறியது

இந்நிலை அப்படியே நீடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் எஞ்சிய நாடற்றவரிற் பெருந்தொகையினருக்குப் பிரஜாவுரிமை அளித்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் அவ்வுரிமையை வழங்கியது. நாடற்றவர் என்ற சொல் மலையகத்தில் வரலாற்றுச் சொல்லாயிற்று.

அதே ஆண்டில் இன்னொரு திருத்தமும் நிகழ்ந்தது. அதனைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம், வம்சாவழிப் பிரஜாவுரிமை தந்தை வழியாக மட்டுமன்றித் தாய் வழியாகவும் கிடைக்கலாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக, இலங்கைப் பிரஜையான ஒரு பெண் தன் பிரஜாவுரிமையைத் தன் வயிற்றிற் பிறந்த பிள்ளைக்குத் தர இயலாதவளாய் இருந்தாள். கணவனின் நிலைக்கு அவள் அத்தாட்சி ஆவாள். தன் பிள்ளையின் நிலைக்கு அவள் அத்தாட்சி ஆகமாட்டாள்! இந்தியச் சட்டமும் இதற்கு விலக்கன்று. அங்கே 1955ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியப் பிரஜையை மணந்த பெண்ணுக்கே திருமணத்தின் வழிப் பதிவுரிமை தந்தது. பெண்ணை மணந்த ஆணுக்கு அவ்வுரிமை 1986ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே வந்தது. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாக வம்சாவழிப் பிரஜாவுரிமை 1992 முதல் கிடைத்தது.

சமத்துவம் எப்போதும் கதவைத் திறந்தே வரும் என்று நம்புவதற்குமில்லை. பிரித்தானியாவில் குடியுரிமை பெற்று வாழ்ந்த ஆண்கள் தம் மனைவியரை எளிதில் அழைக்கலாம். பெண்கள் தம் கணவரை அழைப்பது கடினம் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. அப்துல் அஸீஸ், கபாலெஸ், பல்கண்டாலி என்னும் மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்று 1985இல் வெற்றி பெற்றனர். ஆணுக்கொரு விதி பெண்ணுக்கொரு விதி கூடாது என்றது தீர்ப்பு. பிரித்தானிய அரசு அத்தீர்ப்பை நிறைவேற்றிய விதம் யாது? பெண்களுக்கு இருந்த தடையை நீக்கவில்லை. ஆண்களுக்கும் அதே தடையை விதித்து இருவரையும் சமமாக்கியது.

இன்றைய படிவம்

அந்தப் பிரித்தானியாவுக்கே இன்று ஹட்டன் மாணவி கணவனிடம் போகப் படிவம் நிரப்புகிறாள். அங்கே மாதக் கணக்கோடு பணக் கணக்கும் உண்டு. மனைவியை அழைப்பவர் ஆண்டுக்கு ஈட்டவேண்டிய குறைந்தபட்ச வருமானம் 2012இல் 18,600 பவுண் என்று விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. அன்பு உண்மையானதா என்பதோடு, அது கட்டுப்படியாகுமா என்றும் கேட்கப்படுகிறது. திருமணப் புகைப்படங்கள், இருவரும் பேசிய தொலைபேசிப் பதிவுகள், ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள் யாவும் தாள்களாகி உறைக்குள் போகின்றன. எங்கள் காலத்துப் பூசகர் கடிதத்தின் பேரப்பிள்ளைகள் அவை.

இதிலிருந்து நம் ஆசிரியர்களுக்கு நான் கூற விரும்புபவை மிக எளியவை. முதலாவது, திருமணப் பதிவு. தாலிகட்டு ஊருக்குப் போதும், எல்லைக்குப் போதாது. மணம் முடிந்த வாரத்திலேயே பதிவு செய்துகொள்ளுமாறு நம் பழைய மாணவர்களை நாம் வற்புறுத்தவேண்டும். இரண்டாவது, பெயர். ஒரே பெண் பிறப்புப் பத்திரத்தில் முத்தாயி, செக்ரோலில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்தம்மாள் என்று மூன்று பெயருடன் வாழ்கிறாள். மூவரும் ஒருத்தியே என்று காட்ட அவள் மகள் வெளிநாட்டுப் படிவத்தின் முன் மாதக்கணக்கில் அலைகிறாள். பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே இதனைப் பார்த்துத் திருத்தச் சொல்வது ஆசிரியரால் இயலும் காரியம். மூன்றாவது, பெண்ணின் பத்திரங்கள் பெண்ணின் கையில் இருக்கவேண்டும். தந்தையின் பெட்டியிலோ கணவனின் பையிலோ தரகரின் மேசையிலோ அல்ல. அவற்றை வாசிக்கவும் அவள் கற்றிருக்கவேண்டும். எதில் கையொப்பமிடுகிறோம் என்று அறியாமல் கைநாட்டு வைத்த பாட்டியரின் பேத்திகள் அவர்கள்.

இலக்கிய வட்டத்தினருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1951இன் நிராகரிப்புக் கடிதங்கள், குடும்ப அட்டைகள், தபால் பற்றுச்சீட்டுகள், இராமேசுவரத்திலிருந்து வந்த நீலநிறக் கடிதங்கள் இன்னும் எத்தனையோ லயன்களில் தகரப்பெட்டிகளுக்குள் இருக்கின்றன. லயன்களில் தீப்பிடிப்பதும் மலை சரிவதும் நமக்குப் புதியனவல்ல. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது மனிதரோடு அவர்தம் காகிதங்களும் புதைந்தன. ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றுவட்டாரத்துப் பத்திரங்களைப் படியெடுத்துத் தொகுத்து வைக்குமாயின், மலையக மக்களின் வரலாற்றை எழுத அதைவிடச் சிறந்த மூலம் வேறில்லை. அத்தொகுப்பில் பெண்களின் பத்திரங்களை முதலில் தேடுங்கள். கணவனின் மனுவில் ஒரு வரியாகவும், தந்தையின் அட்டையில் ஓர் எண்ணாகவும் நின்றவர்கள் அவர்கள். எங்கே போனார்கள், ஏன் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுத இன்னும் சிறிது காலம் எஞ்சியிருக்கிறது. மூத்தவர் பலர் தொண்ணூறைத் தாண்டிவிட்டனர். வரும் விடுமுறையிலேயே தொடங்குவது நல்லது.